முறைப்பாடு இலக்கம் பதினெட்டு

வெள்ளவத்தையில் நான் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்துக்குப் பின்னால் ஒரு புடவைக் கடை இருக்கிறது. காலை எட்டரைக்கு முதலாளி வந்து சாவிகள் கோர்த்த திறப்புக் கோர்வையை எடுத்து இரும்புக் கதவுக்கு முன்னால் குனிவார். சின்னத் திறப்புகள் ஒன்றோடொன்று உரசி, தகரத்தில் தூறல் விழுகிற மாதிரிச் சலசலக்கும். கோர்வையில் பழைய காலத்துப் பெரிய இரும்புத் திறப்பு ஒன்றும் உண்டு, அந்தச் சலசலப்புக்குள் அது மட்டும் தாழ்ந்த குரலில் ஒரு வார்த்தை சொல்லும். அந்த வார்த்தை கேட்கும்வரை என்னால் பஸ்ஸைக் கவனிக்க முடிவதில்லை. இதனால் இரண்டு மூன்று பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறேன். நோய் என்று நினைக்க வேண்டாம். உத்தியோகத்தால் வந்த பழக்கம்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் என்னிடம் சட்டம் திருத்துவது எப்படி என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் இப்படி ஒரு திறப்பின் கதைதான். அதைச் சொல்கிறேன்.

1. ஐந்தடி

விடுதிகள், பராமரிப்பு நிலையங்கள், பகல்நேரக் காப்பகங்கள் ஆகியவற்றில் முறைப்பாடு எப்படிச் செய்வது, அவற்றை யார் மேற்பார்வை செய்வது என்று சொல்கிற சட்டம் மிகப் பழையது. அதன்படி ஒரு நிலையத்தில் இருப்பவருக்கு அந்த நிலையத்தைப் பற்றி முறைப்பாடு இருந்தால், அதை எழுத்தில், இரண்டு பிரதிகளில், கையொப்பமிட்டு, அதே நிலையத்தின் செயலாளரிடம் கொடுக்க வேண்டும். காலை மிதித்தவரிடமே போய், மிதித்ததற்கு ரசீது கேட்கிற ஏற்பாடு. இதைத் திருத்துவதற்கு ஒரு குழு போட்டார்கள். நான் அதன் தமிழ் மொழிபெயர்ப்பாளர். அறைக்குள் சிங்களத்தில் பேசுவதைத் தமிழில் எழுதுவது, வெளியே போனால் தமிழில் பேசுவதைச் சிங்களத்தில் சொல்வது, இவை என் கடமைகள். கருத்துச் சொல்வது கடமைப் பட்டியலில் இருக்கவில்லை.

குழுவின் தலைவியை எல்லோரும் மெடம் என்றுதான் கூப்பிடுவோம். ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. கைத்தறிச் சேலை, சிவப்புப் பேனை, எதையும் இரண்டு தரம் வாசிக்கிற வழக்கம். அவருக்குச் சிங்களமும் ஆங்கிலமும் தண்ணீர்பட்ட பாடு. தமிழில் 'வணக்கம்', 'போதும்' என்ற இரண்டு சொற்கள் தெரியும். அந்த இரண்டை வைத்தே ஒரு கூட்டத்தை நடத்தி முடிக்கக்கூடியவர்.

என் முதல் நாளில் குழு காலை முழுவதும் ஒரு பெட்டியைப் பற்றிப் பேசியது. முறைப்பாட்டுப் பெட்டி. மரமா தகரமா, வாய் எவ்வளவு அகலம், பூட்டு எந்த வகை. சாவி எவரிடம் இருப்பது என்பதில் மட்டும் இரண்டு தேநீர் முடிந்தது. கடைசியில் சாவி எங்கள் ஒபீஸில் இருக்கட்டும் என்று முடிவானது. அதுவரை நல்லதுதான். பிறகு உயரம் வந்தது. பெட்டி எவருடைய கண்ணிலும் தப்பக்கூடாது என்றார் மெடம். ஆகவே கண்மட்டத்தில், தரையிலிருந்து ஐந்தடி. எல்லோரும் தலையாட்டினார்கள்.

பின்னேரம், பெட்டியை முதலில் எங்கே வைத்துப் பரீட்சித்துப் பார்ப்பது என்ற கேள்வி வந்தது. கொட்டாஞ்சேனையில் பார்வையற்ற ஆண்களுக்கான விடுதி ஒன்று இருக்கிறது, நல்ல ஒழுங்கான இடம், அங்கே வைப்போம் என்றார்கள். ஐந்தடி உயரத்தில் கண்மட்டத்தில் பெட்டி அடிக்க வேண்டும் என்பதையும், அதை அந்த விடுதியில் அடிக்க வேண்டும் என்பதையும் ஒரே கடிதத்தில், அடுத்தடுத்த வரிகளில் ரைப் செய்தது நான். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. மும்மொழியிலும் எழுத்துப்பிழை இல்லாமல் வந்ததே என்ற சந்தோஷம்தான் இருந்தது.

2. பூரட்டாதிக்கு ஒரு பதில்

அந்த விடுதி நீளமான ஒரு பழைய வீடு. முன்னால் கேற், பிறகு சாப்பாட்டு மண்டபம், அதன் பின்னால் சமையல் நடக்கிற குசினி, குசினியைத் தாண்டி ஓடை என்று சொல்கிற ஒடுங்கிய நடைவழி, ஓடையின் முடிவில் படுக்கை மண்டபம், அதற்குப் பின்னால் ஒரு கதவு. கதவைத் திறந்தால் பின்ஒழுங்கை, ஒரு வான் மட்டும் போகக்கூடிய சந்து. இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். பாதிப்பேர் வெளியே வேலைக்குப் போகிறவர்கள்.

பொறுப்பாக இருந்தவர் சதாசிவம். வோர்டன் ஐயா என்பார்கள். முழுக்கைச் சட்டை, நெற்றியில் மெல்லிய திருநீறு, இடுப்பில் திறப்புக் கோர்வை. வெள்ளவத்தையிலிருந்து காலை ஆறு மணிக்கு வந்து இரவு சாப்பாடு முடிந்ததும் போவார். கெட்ட மனிதர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கெட்ட மனிதராக இருந்திருந்தால் என் வேலை சுலபமாக இருந்திருக்கும்.

பெட்டியை ஓடையின் திருப்பத்தில் அடித்தோம். பக்கத்தில் மூன்று மொழியில் ஒரு அறிவித்தல்: முறைப்பாடுகளை எழுதி இப்பெட்டியில் இடவும், அனைத்தும் கவனிக்கப்படும். வோர்டன் ஐயா அதைச் சத்தமாக வாசித்து எல்லோருக்கும் சொன்னார். மூன்று மாதம் கழித்து நான் போய்ப் பெட்டியைத் திறந்தேன்.

உள்ளே பதினெட்டுத் தாள்கள். குழு முழுவதும் மகிழ்ந்தது. ஒபீஸில் மேசையில் பரப்பிவைத்து ஒவ்வொன்றாக வாசித்தேன். முதலாவது: 'செல்வி தர்ஷிகா, பூரட்டாதி நட்சத்திரம், கனடா விசா சரிவர வேண்டும்.' இரண்டாவது ஒருவருடைய முழங்கால் வலி. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது மூன்றும் ஒரே குடும்பத்தின் கல்யாணத் தடை, வெவ்வேறு கையெழுத்தில்.

நடந்தது இதுதான். அந்த விடுதியில் பிறந்தநாளுக்கும் திவசத்துக்கும் வெளியார் வந்து மதியச் சாப்பாடு கொடுப்பார்கள். கொடுக்கிற குடும்பம் தங்கள் பெயர், நட்சத்திரம், வேண்டுதல் எல்லாவற்றையும் ஒரு துண்டில் எழுதி வோர்டன் ஐயாவிடம் கொடுக்கும். சாப்பிடும் முன் அவர் அதை வாசிப்பார். இருபத்திரண்டு பேரும் கைகூப்புவார்கள். இப்போது ஓடையில் பூட்டிய பெட்டி ஒன்று தொங்குகிறது, 'அனைத்தும் கவனிக்கப்படும்' என்று பக்கத்தில் எழுதியிருக்கிறது. கொழும்பில் இப்படி உறுதியளிக்கிற இடம் வேறு எது? எல்லோரும் அதற்குள் போட்டுவிட்டார்கள்.

எங்கள் வரைபு விதி இப்படிச் சொன்னது: பெட்டியிலுள்ள ஒவ்வொரு தாளும் முறைப்பாடாகப் பதியப்பட்டு, பதினான்கு நாட்களுக்குள் நிலையத்தின் அவதானிப்புக்காக அனுப்பப்படல் வேண்டும். விதியில் 'ஒவ்வொரு' என்று இருக்கிறது என்றார் மெடம். ஆகவே தர்ஷிகாவின் விசா முறைப்பாடு இலக்கம் ஒன்று ஆனது. பதினேழு வேண்டுதல்களும் பைல் இலக்கத்துடன் கொட்டாஞ்சேனைக்குப் போயின.

வோர்டன் ஐயா ஒன்றையும் விடவில்லை. பதினேழுக்கும் தனித்தனியே, விடுதியின் முத்திரையுடன் பதில் அனுப்பினார். இலக்கம் ஒன்றுக்கு: 'மேற்படி விடயம் எமது நிலையத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல.' இலக்கம் மூன்று, நான்கு, ஐந்துக்கு: 'இது தொடர்பில் எமது நிலையம் எவ்வித தடையும் விதிக்கவில்லை.' முழங்காலுக்கு மட்டும் ஒரு எண்ணெயின் பெயரை எழுதியிருந்தார்.

பதினெட்டாவது தாள் வேறு மாதிரி. தடித்த, மஞ்சளான தாள், எழுத்தே இல்லை, முழுவதும் புள்ளி புள்ளியாகக் குத்தியிருந்தது. பிரெயில். எங்கள் ஒபீஸில் அதை வாசிக்க ஒருவரும் இல்லை. மொழிபெயர்ப்பு என் பொறுப்பு. யோசித்தேன். பிரெயில் தெரிந்தவர்கள் எங்கே இருக்கிறார்கள்? கொட்டாஞ்சேனை விடுதியில்தானே. 'இத்துடன் இணைக்கப்பட்டுள்ள ஆவணத்தின் தமிழாக்கத்தை உறுதிப்படுத்தி அனுப்பிவைக்கவும்' என்று எழுதி, மற்றப் பதினேழோடு சேர்த்து உறைக்குள் வைத்தேன்.

ஒரு கிழமையில் தாள் திரும்பி வந்தது, கூடவே தமிழாக்கம், வோர்டன் ஐயாவின் கையொப்பத்துடன். 'எங்கள் விடுதியும், எங்களைத் தகப்பன்போல் காக்கும் வோர்டன் ஐயாவும் நீடூழி நல்லாயிருக்க அம்பாள் அருள்புரிய வேண்டும்.' மெடத்துக்குச் சிங்களத்தில் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விடுதியில் இருக்கிற ஒருவர் தானாக எழுதிய ஒரே தாள் அது, அதுவும் இப்படி. முறைப்பாடு ஒன்றும் நிரூபிக்கப்படாத இடத்தை 'முன்மாதிரி நிலையம்' என்று அறிவித்து, இரண்டு வருடத்துக்குத் திடீர்ப் பரிசோதனையிலிருந்து விலக்கலாம் என்று வரைபில் ஒரு பிரிவு இருந்தது. கொட்டாஞ்சேனையை முதலாவதாக அறிவிப்போம் என்றார்.

3. ரெலிபோன்

அடுத்த செவ்வாய்க்கிழமை ஒபீஸ் ரெலிபோனில் எனக்கு ஒரு அழைப்பு வந்தது. நிதானமான, கழுவித் துடைத்த குரல்.

"மிஸ், யோகன் கதைக்கிறன். பெட்டி கொண்டுவந்து அடிச்சீங்களே, அந்த விடுதி. எனக்கு ஒரு சின்ன விளக்கம் வேணும்."

"சொல்லுங்கோ."

"ஒருத்தன் ஒரு முறைப்பாடு எழுதிப் போட்டால், அதை அவனிட்டயே வாசிக்கக் குடுக்கிறது உங்கட புதுச் சட்டத்தில இருக்கோ?"

எனக்குக் காதுக்குள் சூடு ஏறியது. அதற்குள் அவர், "லைன் வருது மிஸ், கொஞ்சம் நில்லுங்கோ" என்றார். கொழும்புக் கோட்டைப் பகுதியில் ஒரு கம்பனியில் அவர் ரெலிபோன் ஒப்பரேட்டர். என் வெட்கத்தின் நடுவே இரண்டு நிமிடம் பியானோ இசை கேட்டுக்கொண்டிருந்தது.

திரும்பி வந்து சொன்னார். அப்படியே நாலு தரம் என்னை நிறுத்திவைத்து, நாலு துண்டாகச் சொன்னார். தாள் வந்த அன்று வோர்டன் ஐயா விடுதியில் பிரெயில் வேகமாக வாசிக்கக்கூடியவர் யார் என்று கேட்டிருக்கிறார். எல்லோரும் யோகன் என்றார்கள். கூப்பிட்டு, கையில் தாளைக் கொடுத்து, பக்கத்தில் பேனையோடு உட்கார்ந்திருக்கிறார். முதல் வரியில் விரலை வைத்ததுமே யோகனுக்குத் தன் ஊசி குத்திய குத்துத் தெரிந்துவிட்டது.

"ஐயா பக்கத்தில. அவற்ற மூச்சு என்ர காதில படுது. நான் என்ன செய்ய? விரல் ஒரு பக்கம் போகுது, வாய் ஒரு பக்கம் போகுது. அம்பாளே எண்டு தொடங்கினன், தானா வந்திட்டுது. ஐயாவுக்குக் கண் கலங்கிப் போச்சு. மத்தியானம் எனக்கு மீன் துண்டு ஒண்டு கூட."

உண்மையில் என்ன எழுதியிருந்தீர்கள் என்று கேட்டேன். மனப்பாடமாக ஒப்புவித்தார். அன்பாகவே எழுதியிருந்தார். பின்கதவு எப்போதும் பூட்டியிருக்கிறது. அதன் திறப்பு ஐயாவின் கோர்வையில் ஐயாவோடு வெள்ளவத்தைக்குப் போய்விடுகிறது. போன மாதம் ஒரு விடியற்காலை, தேத்தண்ணி வைக்கும்போது குசினியில் துணி தீப்பிடித்தது. முன்கேற்றுக்குப் போவதென்றால் குசினியைக் கடக்க வேண்டும். புகைக்குள் எல்லோரும் பின்கதவைத் தட்டிக்கொண்டு நின்றார்கள். இரண்டு பேர் ஈரச் சாக்கோடு உள்ளே போய் அணைத்தார்கள். இந்த முறை அணைந்தது.

ஐயா வருமுன் கரியைக் கழுவிவிட்டார்களாம். அவரிடம் நேரே ஏன் சொல்லவில்லை? தேத்தண்ணி வைப்பதைத் தடுத்துவிடுவார் என்று பாதிப்பேருக்குப் பயம். மற்றப் பாதிக்கு வேறு பயம். முன்பு ஒருவர் நிர்வாகத்தைப் பற்றி எழுதிக் கையொப்பம் வைத்தார். பொறுப்பாளர் வந்து இவரை அழைத்துச் செல்லவும் என்று வவுனியாவில் அவருடைய வீட்டுக்குக் கடிதம் போயிற்று. யோகனுக்குப் பொறுப்பாளர் என்று ஒரு அண்ணன். அவருடைய வீட்டில் இவருக்கு ஒரு பாய் விரிக்க இடமில்லை, இங்கே இருந்து போனால் கோட்டை வேலையும் போய்விடும்.

நான் என்ன செய்யவேண்டும் என்று கேட்டேன். குழுவிடம் உண்மையைச் சொன்னால், அவர்கள் அதையும் விதிப்படி நிலையத்தின் அவதானிப்புக்கு அனுப்புவார்கள். அவருக்கும் அது தெரிந்திருந்தது.

"என்ர பேர் வரக்கூடாது மிஸ். திறப்பு மட்டும் வரவேணும்." பிறகு, "லைன் வருது" என்றார். அந்த முறை திரும்பி வரவில்லை.

4. மூன்று வாசிப்பு

முன்மாதிரி நிலையம் என்று அறிவிக்கிற நாளுக்கு மெடமே வந்தார். நான் இரண்டு இரவு யோசித்ததில் ஒரே ஒரு காரியம்தான் செய்ய முடிந்தது. எங்களை இறக்கிவிட்டதும் நாங்கள் அய்யே, அதாவது அண்ணா, என்று கூப்பிடுகிற ட்ரைவர் பண்டாரவிடம், முன்னால் வெயில், வானைப் பின்ஒழுங்கைக்குக் கொண்டுபோங்கள், அங்கே வேப்பமர நிழல் இருக்கிறது என்று சிங்களத்தில் சொன்னேன். மெடத்துக்கு முழங்கால் சரியில்லை. வளைந்து சுற்றி நடக்க மாட்டார், பின்கதவைத்தான் திறக்கச் சொல்வார். அதற்கு மேல் என்னிடம் திட்டம் இருக்கவில்லை.

மண்டபத்தில் இருபத்திரண்டு பேரும் நீள வாங்குப் பலகைகளில் வரிசையாக இருந்தார்கள். யோகனை அன்றுதான் முதல் தடவை அருகில் பார்த்தேன். நாற்பத்தைந்து வயதிருக்கும், மடிப்புக் கலையாத சட்டை, நெற்றியில் ஒரு பிளாஸ்டர். சவரம் செய்யும்போது நெற்றியில் எப்படி வெட்டும் என்று யோசித்ததோடு அதை மறந்துவிட்டேன்.

வோர்டன் ஐயாவின் வரவேற்பு முடிந்தது. மெடம் எழுந்தார். பைலைத் திறந்து மஞ்சள் தாளை எடுத்தார். விரலால் வாசிப்பதைத் தான் ஒருநாளும் பார்த்ததில்லை, இந்த அழகான தாளை இன்னொரு தரம் கேட்க ஆசை, என்றார். வோர்டன் ஐயா பெருமையோடு யோகனைக் கூப்பிடப் போனார். வேண்டாம், ஏற்கெனவே வாசித்தவருக்கு ஏன் சிரமம், வேறு ஒருவருக்குக் கொடுப்போம், என்று மெடம் தாளை முன்வரிசையில் இருந்த அந்தோனிப்பிள்ளையின் மடியில் வைத்தார்.

அந்தோனிப்பிள்ளை, பிரம்பு பின்னுகிறவர், நிதானமான மனிதர். விரல் முதல் வரியில் ஓடியது, நின்றது. திரும்பவும் ஓடியது. இருமினார்.

"புனித அந்தோனியாரே, காணாமற்போன என்ர குடையைக் கண்டெடுத்துத் தாரும்" என்று வாசித்தார்.

நான் சிங்களத்தில் சொன்னேன். வேறென்ன செய்வது? மெடம் பைலிலிருந்த தமிழாக்கத்தைப் பார்த்தார். அதில் அம்பாள் இருந்தார். தாளை வாங்கி, பக்கத்தில் இருந்தவருக்குக் கொடுத்தார். அவர் தாளைக் கையில் வாங்கும்போதே முகம் வியர்த்திருந்தது. பாவம், அந்த நேரத்தில் அவருக்கு எந்தக் கடவுளும் ஞாபகத்துக்கு வரவில்லை. தேங்காய்ப்பூ, செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு, கடைசியில் தேசிக்காய் என்று ஒரு தேங்காய்ச் சம்பலின் செய்முறையை முழுதாக வாசித்து முடித்தார். அதையும் மொழிபெயர்த்தேன். உப்பு அளவோடு என்பதைக்கூட விடவில்லை.

மெடம் என்னிடம் தாழ்ந்த குரலில், எல்லாம் ஒன்றுதானா என்று கேட்டார்.

எல்லாம் பிரார்த்தனைகள்தான் மெடம் என்றேன்.

மூன்றாவது சம்பல், என்றார் அவர்.

பிறகு சிவப்புப் பேனையை மூடிப் பைக்குள் வைத்தார். ஒருவரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. நாற்பது வருடம் அரச உத்தியோகம் பார்த்தவருக்கு, மூன்று பேர் ஒரே தாளை மூன்று விதமாக வாசித்தால் அதில் என்ன வகையான விடயம் எழுதியிருக்கும் என்பது புரியாமல் இராது. யார் எழுதியது என்று அவர் அந்த மண்டபத்தில் கேட்காமல் விட்டதற்காக நான் இன்றும் அவரை மதிக்கிறேன். வான் எங்கே என்று மட்டும் கேட்டார். பின்ஒழுங்கையில், என்றேன். அப்படியானால் பின்பக்கத்தால் போவோம், என்று நடந்தார்.

ஓடையைக் கடந்து படுக்கை மண்டபத்தின் முடிவுக்குப் போனோம். பின்னால் இருபத்திரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். வோர்டன் ஐயா கோர்வையை எடுத்தார். ஒன்றைப் போட்டுப் பார்த்தார், இன்னொன்றைப் போட்டார். சலசலவென்று தூறல் மட்டும் விழுந்தது. மூன்றாம் தரமும் முதலிலிருந்து தொடங்கினார்.

யோகன் பின்வரிசையிலிருந்து சொன்னார். "ஐயா, பெரிய திறப்பு கோர்வையில இல்லை. காலமை நீங்கள் உள்ளுக்கு வரேக்கையே அது கேக்கேல்லை."

வோர்டன் ஐயா இடுப்பைத் தடவிப் பார்த்தார். பிறகு நின்றார். "மற்றக் காற்சட்டையில விட்டிட்டன் போல" என்றார். அதை நான் சொல்ல, மெடம் அந்தக் காற்சட்டை எங்கே என்று கேட்டார். வெள்ளவத்தையில்.

மெடம் கதவைப் பார்த்தார், ஓடையைப் பார்த்தார், ஓடைக்கு அந்தப் பக்கம் அடுப்பு எரிகிற குசினியைப் பார்த்தார். குரலை உயர்த்தாமல் சிங்களத்தில் ஒன்று கேட்டார். வோர்டன் ஐயாவுக்குச் சிங்களம் என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் எல்லோருக்கும் கேட்கும்படி நான் தமிழில் சொன்னேன்.

"இப்ப குசினியில நெருப்புப் பிடிச்சால், இவை வெள்ளவத்தைக்கு வந்தோ திறப்பு வாங்கிறது எண்டு மெடம் கேக்கிறா."

வோர்டன் ஐயா பதில் சொன்னபோது அவருடைய சட்டத் தமிழ் எல்லாம் போய்விட்டது. பின்ஒழுங்கையில் கழிவுநீர்க் காண் மூடாமல் கிடக்கிறது, முன்பு ஒருவர் அதற்குள் விழுந்து கால் முறிந்தது, அந்தச் சத்தம் இன்னும் தன் காதில் இருக்கிறது, அதற்குப் பிறகு பூட்டாமல் வீட்டுக்குப் போனால் தனக்கு நித்திரை வராது, மாநகரசபைக்கு மூடி கேட்டு எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. "நெருப்பு ஒண்டும் ஒருநாளும் பிடிச்சதில்லை" என்று முடித்தார்.

பிறகு அந்தோனிப்பிள்ளை, குடை தொலைத்த அதே நிதானத்தோடு சொன்னார். "போன மாசம் பிடிச்சதுதானே ஐயா."

அவ்வளவுதான். அணை உடைந்த மாதிரி எல்லோரும் பேசினார்கள். சாக்கு நனைத்தவர், கதவைத் தட்டியவர், தட்டியவரின் காலை மிதித்தவர், புகையில் இருமியவர். சம்பல் வாசித்தவர் எல்லோரையும்விடச் சத்தமாகப் பேசினார். என்னால் மொழிபெயர்க்க முடியவில்லை. மெடம் கையைக் காட்டி, தேவையில்லை என்றார். இருபத்திரண்டு பேர் ஒரே நேரத்தில் சொல்கிற விடயத்தில், முறைப்பாட்டாளர் யார் என்று எந்தப் பைலிலும் எழுத முடியாது. யோகன் மட்டும் வாயைத் திறக்கவில்லை. சுவரில் சாய்ந்து, யாரோ தன்னை ஹோல்டில் விட்டதுபோல் பொறுமையாக நின்றார்.

வோர்டன் ஐயா பக்கத்திலிருந்த கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே" என்றார். உண்மையாகவே தெரியாது. அவருடைய முகத்தைப் பார்த்தபோது, கோபப்பட வந்த எனக்குக் கோபத்தை வைக்க இடம் கிடைக்கவில்லை.

மெடம் தன் இரண்டாவது தமிழ்ச் சொல்லைச் சொன்னார். "போதும்." முன்பக்கத்தால் வெளியே வந்து, வெயிலில், முழங்காலைப் பிடித்துக்கொண்டு சுற்றி நடந்து வானுக்கு வந்தார். அறிவிப்பு அன்று நடக்கவில்லை.

5. மருதானை வரை

வானில் மெடம் கேட்ட முதல் கேள்வி, அந்தத் தாளை வாசித்துத் தரச்சொல்லி விடுதிக்கே அனுப்பியது யார் என்பது.

நான்தான், என்றேன். வேலை போகும் என்று நினைத்தேன். அவர் பைலை எடுத்து என் கடிதத்தின் சிங்களப் பிரதியைத் தேடினார். கண்டுபிடித்தார். வாசித்தார். திரும்பவும் வாசித்தார். மருதானை வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு வந்தார். மருதானைச் சந்தியில் சிவப்பு விளக்கு விழுந்தபோது கடிதத்தை என் பக்கம் திருப்பி, அடியில் விரலை வைத்தார். அங்கே அவருடைய கையொப்பம், அழகாக, முழுதாக. கையொப்பத்துக்குப் பதினெட்டுக் கடிதத்தையும் ஒன்றாக நீட்டினேன் அல்லவா.

எதையும் இரண்டு தரம் வாசிப்பேன் என்பார்கள் என்னைப் பற்றி, என்று சொல்லிச் சிரிக்கத் தொடங்கினார். பண்டார அய்யே கண்ணாடியில் பார்த்தார். நானும் சிரித்தேன். பின்னால் நின்ற முச்சக்கரவண்டிக்காரன் ஹோன் அடிக்கும்வரை சிரித்தோம்.

அடுத்த கூட்டத்தில் வரைபு மாறியது. முறைப்பாடு எந்த வடிவத்திலும் இருக்கலாம். கிடைத்த தாளோ அதன் பிரதியோ எந்தக் காரணத்துக்காகவும் நிலையத்துக்குப் போகக்கூடாது. விடயத்தை மட்டும் குழு நேரில் போய்ப் பார்க்க வேண்டும். முறைப்பாடு செய்தவரை இடம் மாற்றுவதற்குக் குழுவின் எழுத்துமூல அனுமதி வேண்டும். முறைப்பாடு இல்லாத நிலையத்துக்குப் பரிசோதனை விலக்கு என்ற பிரிவை மெடம் சிவப்புப் பேனையால் குறுக்கே வெட்டினார். முறைப்பாடே வராத இடத்துக்குத்தான் முதலில் போகவேண்டும் என்றார்.

அந்தக் கூட்டத்தில் நான் கருத்தும் சொன்னேன். கடமைப் பட்டியலை ஒருவரும் எடுத்துப் பார்க்கவில்லை.

இந்த வேலையில் நான் கற்றது ஒன்றே ஒன்று. ஒரு கடிதத்தை உறைக்குள் வைத்து ஒட்டுவதற்கு முன், அதைப் பிரிக்கப்போகிற கை யாருடையது, பக்கத்தில் யாருடைய மூச்சுக் கேட்கும் என்று ஒரு நிமிடம் யோசிப்பேன். சட்டத்தில் பிழை குறைவு. உறையில்தான் பிழை விடுகிறோம்.

6. தாழ்ப்பாள்

பல மாதம் கழித்து, பரீட்சார்த்த வேலையை முடிப்பதற்காகக் கடைசி முறை அங்கே போனேன். வோர்டன் ஐயா என்னைக் கையோடு பின்கதவுக்குக் கூட்டிப்போனார். பூட்டுப் போய், உள்ளே இருந்து யாரும் இழுக்கக்கூடிய தாழ்ப்பாள் வந்திருந்தது. காணுக்கு மேல் கொங்கிறீட் மூடி. படியோரம் கைபிடிக் கம்பி. இது எல்லாம் தான் நெடுநாளாக யோசித்துவைத்திருந்த ஏற்பாடு என்று விளக்கினார். ஓம் ஐயா, என்றேன். அவர் நடந்து போகும்போது இடுப்பிலிருந்து அந்தத் தாழ்ந்த குரல் கேட்டது. பூட்டே இல்லாத கதவின் திறப்பை இன்னும் கோர்வையில் வைத்திருக்கிறார்.

யோகன் என்னை வழியனுப்பக் கேற்வரை வந்தார். அந்தச் சத்தத்தைப் பற்றிக் கேட்டேன். அது இருக்கட்டும் என்றார். ஐயா எந்தப் பக்கம் வருகிறார் என்று தங்களுக்கும் தெரியவேண்டுமே, தேத்தண்ணி வைக்கிற நேரம் அது மிகவும் உதவி.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. புறப்படும்போது, வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டேன். வேறு ஏதும் முறைப்பாடு இருக்கிறதா?

அவர் நெற்றியைத் தடவினார். பிளாஸ்டர் இப்போது வேறு இடத்தில் இருந்தது. "ஒண்டு இருக்கு மிஸ். உங்கட பெட்டிதான். ஓடையால திரும்பிற நேரமெல்லாம் இடிக்குது. எனக்கு மட்டுமில்லை, இருபத்திரண்டு பேருக்கும்."

ஐந்தடி. கண்மட்டம். நான் ரைப் செய்த இரண்டு வரிகள்.

அவர் கேற்றைத் திறந்து பிடித்துக்கொண்டு, ரெலிபோன் குரலில் கேட்டார். "எழுதித் தரவோ மிஸ், இல்லாட்டி நெத்தியைக் காட்டினால் போதுமோ?"